இல்லை என்று சொன்ன திரை

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டு வாரங்கள் சென்றிருக்கும். காலைத் திருப்பலி முடித்துப் பங்கு அலுவலகத்திற்குள் நுழைந்து கணிப்பொறியை இயக்கினேன். வழக்கமாக வரும் படம் வரவில்லை. நீலத் திரையில் ஒரு சோக முகக்குறியும், அதன் கீழே நான் படித்து முடிப்பதற்குள் மறைந்துபோன சில ஆங்கில வரிகளும் தோன்றின. இயந்திரம் தானே அணைந்து, தானே எழுந்து, மீண்டும் அதே நீலத்தைக் காட்டிற்று. நான்கைந்து முறை அணைத்துப் போட்டும் பயனில்லை.

வேறொரு நாளாக இருந்திருந்தால், சரி, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போயிருப்பேன். அன்று அப்படிப் போக முடியவில்லை. முந்தின இரவுதான் திருப்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசியிருந்தார். எங்கள் ஊரில் பிறந்தவர். பிழைப்பைத் தேடிப் போய்ப் பனியன் கம்பெனியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தவர். வயது அறுபத்து நான்கு. பதிவு அலுவலகத்தில் மட்டும் எழுதி வைத்த தம் திருமணத்தைத் திருச்சபை முறைப்படி சீர்செய்துகொள்ள இத்தனை காலம் கழித்து மனம் வந்திருக்கிறது. அங்குள்ள பங்குத்தந்தை திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். "அறுபத்தொண்ணுல ஞானஸ்நானம் சாமி, நம்ம கோயில்லதான்" என்றார். காலையில் பார்த்து அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் பங்கில் 1961-ஆம் ஆண்டின் திருமுழுக்கு ஏடு இப்போது இல்லை. இதைச் சற்று விளக்கியாக வேண்டும்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னைகளையும் கூரைகளையும் பற்றி அன்று எல்லாரும் எழுதினார்கள். கோயில் அலுவலகத்தின் ஓடுகள் பறந்து, மர அலமாரி இரண்டு நாள் மழையில் நனைந்ததைப் பற்றி யாரும் எழுதவில்லை. எழுதுமளவுக்கு அது பெரிய செய்தியும் அன்று. 1948 முதல் 1966 வரையிலான திருமுழுக்கு ஏடுகள் இரண்டு அதற்குள் இருந்தன. அவற்றை வெயிலில் உலர்த்தியிருக்கிறார்கள். உலர்ந்த தாள்கள் அப்பளம்போல் ஆகிவிட்டன. 2021-இல் எனக்கு முன்பிருந்த பங்குத்தந்தை ஒரு கணிப்பொறி வாங்கினார். எங்கள் உபதேசியார், பழைய தமிழ்த் தட்டச்சு பழகிய கை, எழுபது வயதைக் கடந்தவர், நாளுக்கு இரண்டு மூன்று பக்கங்களாக அந்த ஏடுகளைப் பார்த்துப் பார்த்து அதில் ஏற்றினார். ஒரு பக்கத்தைப் புரட்டினால் அது திரும்ப ஏட்டுக்குள் போகாது, விரலோடு வந்துவிடும். ஆகவே அவர் தட்டச்சு செய்த பக்கங்கள் ஏறக்குறைய எல்லாமே அவருடைய கண் பட்ட கடைசிப் பக்கங்கள்தாம். ஆயர் இல்லத்தில் இருக்கும் ஆண்டு நகல்களைத் தேடிப் பார்த்தோம். இந்த ஆண்டுகளுக்கு உரியவை அங்கே இல்லை.

நான் 2022-இல் இப்பங்குக்கு மாற்றலாகி வந்தபோது வேலை முடியும் நிலையில் இருந்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் ஒருநாள் அவர் என் மேசைக்கு முன் வந்து நின்று, "சாமி, ஒரு பென் டிரைவ் வாங்கிக் குடுத்தா நல்லது. இது ஒரே எடத்துல இருக்குது" என்றார். பார்க்கலாம் ஐயா என்றேன். கோயில் கோபுரத்திற்குச் சாரம் கட்டியிருந்த காலம் அது. சிமெண்டு மூட்டைக் கணக்கில் மூழ்கியிருந்தேன். சில நூறு ரூபாய்ப் பொருள். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியில் அவருடைய உழைப்பைப் பற்றி நெடுநேரம் பேசினேன். அந்த மறையுரையில் பென் டிரைவ் இடம்பெறவில்லை.

நீலத் திரையின் முன்னால் நான் ஏன் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தேன் என்பது இப்போது வாசகர்களுக்கு விளங்கியிருக்கும்.

அன்று பிற்பகலே பக்கத்து நகரத்துக் கடையிலிருந்து ஒரு தம்பி வந்தார். பார்த்ததும், "விண்டோஸ் போயிடுச்சு ஃபாதர். பத்துக்கு ஆதரவும் நின்னுபோச்சு, பதினொண்ணு போட்டுடலாம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை: விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை அதைத் தயாரிக்கும் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. பழைய கோப்புகள் அழியாமல் போட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். தம் பென் டிரைவைச் செருகி நிறுவும் வேலையைத் தொடங்கினார். மொழி, விசைப்பலகை, சம்மதம் எல்லாம் கடந்து, எந்த ஹார்ட் டிஸ்க்கில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் பக்கம் வந்தது. பட்டியல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தட்டு எதுவும் தென்படவில்லை, டிரைவர் இருந்தால் கொடுங்கள் என்ற பொருளில் ஒரு வரி. தம்பி இருமுறை புதுப்பித்துப் பார்த்தார். பிறகு எழுந்து, "ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு ஃபாதர். புதுசு மாத்தணும்" என்றார்.

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நாளெல்லாம் சாகும் தட்டுகளைப் பார்ப்பவர். அவர் கண்ட வெறுமைக்கு அவர் அறிந்த பெயர் சாவு. ஆயினும் அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. மருத்துவமனையில் அவஸ்தைப்பூசுதலுக்குப் போய்க் கட்டிலருகே நிற்கும்போதுகூட யாராவது நாடி பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். நாளை சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

எனக்குக் கணிப்பொறி முற்றிலும் புதிதன்று. 2003 முதல் மூன்றாண்டுகள் மறைமாவட்டச் சமூகப்பணி அலுவலகம் ஒன்றில் இருந்தேன். அங்கே பழுதைப் பார்க்க ஆள் வர ஒரு வாரமாகும். ஆகவே நானே திருப்புளியோடு உட்கார்ந்துவிடுவேன். அக்காலத்து ஹார்ட் டிஸ்க், உள்ளங்கையளவு கனத்த உலோகப் பெட்டி. அகன்ற சாம்பல் நிற நாடாக் கேபிளில் இரண்டு தட்டுகளை மாட்டலாம். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் என்று பின்புறத்திலுள்ள சிறு ஜம்பரை மாற்றி வைக்க வேண்டும். இரண்டையும் மாஸ்டர் என்று வைத்துவிட்டால், பெரும்பாலும் ஒன்றோ இரண்டுமோ கண்ணில் படாமல் போகும். இரண்டு பேரும் தலைவராக இருக்கும் பங்குப் பேரவையில் எந்தத் தீர்மானமும் நிறைவேறாததுபோல என்று அப்போது என் நண்பரான குரு ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

அதன்பின் நாடா போய், மெல்லிய சிவப்புக் கேபிளோடு சாட்டா வகைத் தட்டுகள் வந்தன. அப்போதும் ஒரு சங்கடம் நேர்ந்தது. 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி.க்குப் பின்னால் வந்த கட்டுப்பாட்டுச் சில்லுகளைத் தெரியாது. புத்தம் புதிய இயந்திரத்தில் அதை நிறுவப் போனால், ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று சாதிக்கும். தொடக்கத்தில் சில நொடிகள் மட்டும் தோன்றும் ஒரு வரியைப் பார்த்து எஃப்6 விசையை அழுத்தி, டிரைவர் அடங்கிய ஃபிளாப்பியைக் கொடுக்க வேண்டும். அந்த ஃபிளாப்பிக்காக நான் பேருந்து ஏறித் திருச்சிக்குப் போய்வந்திருக்கிறேன். அத்தனையும் பட்டறிந்தவன், இருபது ஆண்டுகளில் அத்தனையும் மறந்துவிட்டேன்.

அன்றிரவு பழைய நினைப்பில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக் கேபிளைத் தேடினேன். கேபிளும் இல்லை, நானறிந்த தட்டும் இல்லை. பலகையின் மீது 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சைத் துண்டு, ஒற்றைத் திருகில் படுத்திருந்தது. அதுதான் ஹார்ட் டிஸ்க் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரியும். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டு இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று சுழல்வதற்கே ஒன்றுமில்லை. உபதேசியாரின் இரண்டாண்டு உழைப்பும், 1,700-க்கு மேற்பட்ட குழந்தைகளின் பெயர்களும் இருக்கும் இடம் எதுவென்று தெரியாமல் நான் அதன்மேலேயே டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

சட்டப்படி பார்த்தால் எல்லாம் அழிந்துவிட்டாலும் வழி உண்டு. திருமுழுக்கை மெய்ப்பிக்க, யாருக்கும் தீங்கு விளையாதபோது, ஐயத்திற்கிடமற்ற ஒரு சாட்சியின் வாக்குமூலமே போதும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 876-ஆம் விதி. திருப்பூர்க்காரருக்கு அப்படி ஒரு சாட்சியைத் தேடிவிடலாம். ஆனால் 1948-இல் ஞானத் தண்ணீர் பெற்றவருக்கு, அதைக் கண்ணால் கண்ட எத்தனை பேர் இன்று உயிரோடு இருப்பார்கள்? அன்றிரவு நான் உறங்கவில்லை.

மறுநாள் மாலை பாடற்குழுப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் நினைவு வந்தது. பாலிடெக்னிக் ஒன்றின் கணிப்பொறி ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவள். பயிற்சி முடிந்ததும் அழைத்தேன். வந்தவள் இயந்திரத்தைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்கத் தொடங்கினாள்.

"எப்போதிலிருந்து ஃபாதர்?"

"நேற்றுக் காலையிலிருந்து அம்மா."

"அதுக்கு முன்னாடி ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா? கரண்ட் போச்சா? யாராவது ஏதாவது அழுத்தினாங்களா?"

"ஒன்றும் இல்லை. நான் ஒன்றும் செய்யவில்லை."

ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து கேட்பவனுக்கு இந்த வாக்கியம் மிகவும் பழக்கமானது. பெரிய பாவம் ஒன்றுமில்லை சாமி என்று தொடங்குபவரிடம், கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று மெல்லக் கேட்க வேண்டும் என்று குருமடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். அவள் எந்தக் குருமடத்திலும் படிக்காமலேயே அடுத்த கேள்வியைக் கேட்டாள்: "கடிகாரம் சரியா ஓடுச்சா ஃபாதர்?"

ஓடவில்லை. ஏறக்குறைய ஒரு மாதமாகவே ஓடவில்லை. எங்கள் அலுவலகத்தில் இணைய இணைப்பு இல்லை. மின்சாரம் நின்று வந்தால் தேதி பின்னோக்கிப் போய்விடும். அச்சிட்ட சான்றிதழ்களில் ஆண்டைப் பேனாவால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் தொடங்கும்போது கறுப்புத் திரையில் ஒரு செய்தியும் சில நாள்களாக வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நீலத் திரை வந்த நாளன்றும் அந்தச் செய்தி வந்தது. எஃப்1 அழுத்தினால் ஏதோ அமைப்புப் பக்கம், எஃப்2 அழுத்தினால் ஏதோ ஏற்றித் தொடர்வது என்றிருந்தது. அன்று அவசரம். தொடர்வது என்ற சொல்லைப் பார்த்து எஃப்2-வை அழுத்தினேன்.

"நான்தான் அழுத்தினேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "பரவால்ல ஃபாதர். அது தொழிற்சாலை அமைப்புகளை மறுபடி ஏத்திக்கொள்ளும் விசை. இப்ப பார்க்கலாம்" என்றாள்.

இயந்திரத்தை இயக்கி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புப் பக்கத்திற்குள் நுழைந்தாள். மேல் மூலையில் தேதி, இயந்திரம் வாங்கப்படுவதற்கும் முந்திய ஓர் ஆண்டைக் காட்டிற்று. அதற்குச் சில வரிகள் கீழே ஹார்ட் டிஸ்க்கின் பெயரும், 256 ஜி.பி. என்ற அளவும் எழுதப்பட்டிருந்தன.

"இங்க இருக்கு பாருங்க ஃபாதர். சாகல."

எத்தனையோ இல்லங்களில் எத்தனையோ நற்செய்திகளைச் சொல்லியிருக்கிறேன்; எனக்குச் சொல்லப்பட்டவை அரிது.

பிறகு அவள் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். இயந்திரத்தின் பயாஸ் தட்டைக் காண்கிறதா என்பதே முதல் கேள்வி. அங்கேயே காணவில்லையென்றால் கேபிள், மின் இணைப்பு, தட்டு பொருந்தியிருக்கும் குழி, கடைசியாகத் தட்டின் உடல்நிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பயாஸ் காண்கிறது, நிறுவும் நிரல் மட்டும் காணவில்லை என்றால், பெரும்பாலும் தட்டின்மேல் குற்றமில்லை. இருவருக்கும் நடுவில் நிற்பவரைப் பார்க்க வேண்டும். நடுவில் நிற்பது தட்டுகளைக் கட்டுப்படுத்தும் சில்லு. அது பேசும் முறைகள் பல. ஏ.ஹெச்.சி.ஐ. என்பது பெரும்பாலான இயங்குதளங்களுக்குத் தெரிந்த பொதுமுறை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அதற்கான டிரைவர் உள்ளேயே வருகிறது. ரெய்டு என்பது பல தட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் முறை. ஒரே தட்டு இருக்கும் இயந்திரத்தையும் சில தயாரிப்பாளர்கள் ரெய்டு முறையிலேயே வைத்து அனுப்புகிறார்கள். அந்த முறையில், இன்டெல் சில்லுள்ள பல இயந்திரங்களில், எங்களுடையதைப் போன்ற பச்சைத் துண்டுத் தட்டு சில்லின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். அதற்குரிய டிரைவர் கையில் இல்லாத நிரலுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. பின்னால் வந்த இன்டெல் தலைமுறைகளில் வி.எம்.டி. என்ற பெயரில் இதே மறைப்பு வேறு வடிவில் வருகிறதாம்.

2021-இல் எங்கள் கணிப்பொறியில் விண்டோஸை நிறுவியவர் யாரென்று தெரியவில்லை. அவர் ரெய்டை நீக்கி ஏ.ஹெச்.சி.ஐ. ஆக்கி வைத்திருக்கிறார். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. நான்காண்டு கழித்துப் பலகையிலுள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்தது. கடிகாரம் பின்னடைந்தது. தன் அமைப்புகளின்மேல் நம்பிக்கை இழந்த இயந்திரம் என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டது. நான் எஃப்2 என்றேன். அது மீண்டும் ரெய்டுக்குப் போயிற்று. முன்போல் தட்டை அடைய முடியாமல் உள்ளிருந்த விண்டோஸ் நீலம் பூசிக்கொண்டது. வெளியிலிருந்து வந்த விண்டோஸ் தட்டே இல்லை என்றது.

குருமடத்தில் எங்களுக்கு மெய்யியல் கற்பித்த வயதான பேராசிரியர் ஒருவர், அக்குவினா தோமாவைப் பாடம் நடத்தும்போது, ஒன்றைப் பெறுகிறவர் தம்முடைய கொள்ளளவுக்கும் இயல்புக்கும் ஏற்றவாறுதான் அதைப் பெற முடியும் என்ற கொள்கையை வாரம் ஒருமுறையாவது சொல்வார். கூஜா, செம்பு, சங்கு என்று மேசைமேல் பாத்திரங்களை வைத்து விளக்குவார். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டேன். ஐம்பத்தாறாவது வயதில், வெறுமையான ஒரு பட்டியலுக்கு முன்னால் அதை மறுபடி படிக்க நேர்ந்தது. எங்கள் குடும்ப அட்டைப் பெட்டியில் அட்டை இல்லாத வீடுகள் இருக்கின்றன. வரி கொடுப்பதில்லை, திருப்பலிக்கு வருவதில்லை, ஆகவே பங்கில் இல்லை என்று நானே ஆண்டறிக்கையில் அவர்களைக் கழித்திருக்கிறேன். திருப்பூர்க்காரரின் வீடும் அப்படிக் கழிக்கப்பட்ட ஒன்றுதான் என்பதைப் பிறகு அட்டைப் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இதை இன்னும் நீட்டினால் மறையுரை ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

முறையை மாற்றுவதற்கு முன் அவள் மூன்று காரியங்கள் செய்தாள். திரையிலுள்ள ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்து, உள்ளே வேறு தட்டு இல்லை என்று உறுதிசெய்தாள். இரண்டு தட்டுகளை உண்மையாகவே ரெய்டில் சேர்த்து வைத்திருந்தால் முறையை மாற்றுவது ஆபத்து, சேர்ந்திருந்தவை பிரிந்து எதையும் படிக்க முடியாமல் போகக்கூடும் என்றாள். மூன்றாவதாக, இத்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டதா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இப்போதைய விண்டோஸ் இயந்திரங்கள் பல தாமாகவே தட்டைப் பூட்டிக்கொள்கின்றன. அமைப்பை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லாதவர் முதலில் அதைத் தேடி எடுத்துக்கொண்டுதான் இத்தகைய வேலையில் இறங்க வேண்டும். எங்களுடையதில் அது இருந்தால் பயாஸை மறுபடி இப்போதிருக்கும் நிலைக்கே கொண்டுவந்துவிட்டு யோசிக்கலாம் என்றாள்.

வேறு வழியும் உண்டாம். ரெய்டை அப்படியே விட்டுவிட்டு, தயாரிப்பாளரிடமிருந்து அந்தச் சில்லுக்கான டிரைவரைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவும் பக்கத்தில் அதைக் காட்டினால் தட்டு பட்டியலில் தோன்றும். அதில் ஒரு நுணுக்கம்: கிடைக்கும் கோப்பை அப்படியே வைத்தால் போதாது, விரித்து, உள்ளிருக்கும் தனித்தனிக் கோப்புகளாக வைக்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்களாம். புதிய இயந்திரத்திற்கு அது சரியான வழி. நமக்கு வேண்டியது உள்ளே உறங்கும் பழைய விண்டோஸ், அது ஏ.ஹெச்.சி.ஐ.யில் உறங்கியது, ஆகவே அதே மொழியில் எழுப்புவோம் என்றாள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: தட்டு தென்படவில்லை என்ற பதற்றத்தில் இருக்கும்போது, திடீரென்று தென்பட்டுவிட்டால், மகிழ்ச்சியில் அழி, வடிவமை என்ற பொத்தான்களைத் தொட்டுவிடக் கூடாது. தெரியாமல் போன தட்டுகளால் இழந்ததைவிட, தெரிந்த பிறகு இழந்தவர்களையே அவள் ஆய்வகத்தில் அதிகம் பார்த்திருக்கிறாளாம்.

ஏ.ஹெச்.சி.ஐ. என்று மாற்றிச் சேமித்தாள். திரை கறுத்தது. மணி ஏழரை, வெளியே பாடற்குழுப் பிள்ளைகள் மிதிவண்டிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜெபித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அந்த அரை நிமிடத்தில் என் மனத்தில் ஓடியதெல்லாம், "சாமி, ஒரு பென் டிரைவ்" என்ற குரல்தான்.

விண்டோஸ் எழுந்தது. எதையும் புதிதாக நிறுவ வேண்டிய தேவையே இருக்கவில்லை. திரையின் இடப்பக்கத்தில், உபதேசியார் உருவாக்கி வைத்திருந்த மஞ்சள் நிறக் கோப்புறை, அவர் இட்ட பெயரோடு இருந்தது.

நான் திறக்கப் போனேன். "முதல்ல நகல் ஃபாதர்" என்று என் கையைத் தடுத்தாள். அவள் பையிலிருந்த பென் டிரைவிலேயே எல்லாவற்றையும் நகலெடுத்தாள். ஏறக்குறைய மூன்று நிமிடம். இரண்டரை ஆண்டுகள் நான் ஒதுக்காத மூன்று நிமிடம்.

அதன்பின்தான் 1961-ஐத் திறந்தோம். ஏட்டிலிருந்த பத்திகளையெல்லாம் அப்படியே அமைத்திருந்தார்: பிறந்த நாள், திருமுழுக்கு நாள், பெயர், தந்தை, தாய், ஞானப்பெற்றோர், திருமுழுக்கு அளித்த குரு, ஓரக் குறிப்பு. திருப்பூர்க்காரரின் பெயர் எளிதில் அகப்பட்டது. தாயின் பெயர் இருந்த கட்டத்தில், பெயரை அடுத்துச் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: ஈரத்தால் மை கலைந்துவிட்டது, அத்தை சொல்லக் கேட்டு எழுதியது, சாமி சரிபார்க்கவும். அதன் கீழே அவர் அந்த அத்தையைப் பார்க்கப் போன நாள்.

மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். அத்தகைய குறிப்புகள் பல பக்கங்களில் இருந்தன. யாரோ ஒருவரின் அண்ணனிடம் கேட்டது, கல்லறைச் சிலுவையில் பார்த்தது, இரண்டு பேரும் வேறு வேறாகச் சொல்வதால் இரண்டையும் எழுதியது. பார்த்துத் தட்டச்சு செய்தார் என்று அடக்கத் திருப்பலியில் சொன்னேனே, அவர் அந்த இரண்டு ஆண்டுகளும் தெருத்தெருவாக மிதிவண்டியில் போய்க் கேட்டிருக்கிறார். சரிபார்க்க வேண்டிய சாமி நான்தான். அந்தக் கோப்பை நான் முழுமையாகத் திறந்து பார்த்தது அதுவே முதல் முறை.

அந்த அத்தை எண்பத்தெட்டு வயதில் இன்னும் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்தேன். மறுநாள் காலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெயரைச் சரிபார்த்துக்கொண்டேன். "அந்த உபதேசியாரும் இத்தான் கேட்டாரு. ஆமான்னு சொன்னேனே, எழுதலியா?" என்று கோபித்துக்கொண்டார். எழுதியிருக்கிறார் அம்மா என்றேன். அன்று மாலைத் தபாலில் சான்றிதழ் திருப்பூருக்குப் போயிற்று. தேதியை அடித்துத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

சில பத்து ரூபாயில் புதிய பேட்டரி வந்தது. கடைத் தம்பியை மறுபடி அழைத்து, நடந்ததைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டு, அமைப்புப் பக்கத்தைத் தாமும் படமெடுத்துக்கொண்டார். நகல்களைப் பத்திரப்படுத்திய பிறகு டிசம்பரில் அவரே வந்து விண்டோஸ் 11-ஐ நிறுவிக் கொடுத்தார். இம்முறை தட்டு பட்டியலில் இருந்தது.

இப்போது அக்கோப்புகள் மூன்று இடங்களில் இருக்கின்றன: கணிப்பொறியில், கோயில் இரும்புப் பெட்டியில், ஆயர் இல்லத்தில். ஆண்டுக்கு இருமுறை நகல்களைத் திறந்து பார்ப்பதற்கு நாள்காட்டியில் குறித்துவைத்திருக்கிறேன். அந்தப் பெண் ஒரு துண்டுத் தாளில் பேட்டரி மாற்றிய நாளையும், ஏ.ஹெச்.சி.ஐ. என்ற சொல்லையும், எஃப்2 அழுத்தக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினாள். கீழே தன் கைப்பேசி எண்ணையும் எழுதினாள். எனக்குப் பின் வரும் பங்குத்தந்தைக்கு, என்றாள்.